கார்த்திகை மீன்களின் பாடபேதம்

(வேங்கிக்காலில் நடைபெற்ற இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



அண்ணாமலையை அண்ணாந்து பார்த்தே வளர்ந்த ஊர் வேங்கிக்கால். கார்த்திகைத் திங்களில், 2668 அடி உயரமுள்ள அம்மலையின் உச்சியில் தீபம் ஏற்றப்படும் அந்தி நேரத்தில், இவ்வூரின் மாடிகளெல்லாம் மக்களால் நிறைந்துவிடும். அத்திருநாளுக்குப் பெயர் தந்தவை வானத்துக் கார்த்திகை மீன்கள். ஆயினும், தீப நாளன்று அம்மீன்களை வானில் தேடியவர் எத்தனை பேர்? தேடியவர்க்கும் அவை எளிதில் புலப்படுவதில்லை. நிறைமதி கார்த்திகை மீன்களை அடுத்து நிற்கும் நாளே திருநாளாதலின், மதியின் பேரொளியில் அச்சிறு மீன்கள் மங்கிவிடுகின்றன. யாருடைய பெயரால் விழா நடக்கிறதோ அவர்களே விழா நாளில் கண்ணுக்கு மறைந்து நிற்கின்றனர்.

மறைந்து நிற்கும் அந்த மீன்களைப் பற்றியதே இவ்வுரை. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில், விண்வெளித் தொலைநோக்கி ஒன்று அவற்றின் தொலைவைப் பிழையாகச் சொன்னது. அப்பிழை வெளிப்பட ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆயின. அது வெளிப்பட்ட முறை, ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடந்தெளிந்த தமிழ்ப் பதிப்பாசிரியர்களின் முறைக்கு மிக நெருங்கியது. ஆதலின் இச்செய்தி வானியலார்க்கு மட்டுமன்றிக் கவிஞர்க்கும் உரியதாகிறது.

தமிழர் இம்மீன் கூட்டத்தை அறுமீன் என்றும் ஆரல் என்றும் அழைத்தனர். நிறைமதி அறுமீனைச் சேரும் இரவில் தெருவெங்கும் விளக்கேற்றிய வழக்கத்தை அகநானூற்றின் 141ஆம் பாடல் சொல்லுகிறது. ஆறு என்ற எண் வெறுங்கண் கண்ட எண். தொலைநோக்கி கண்டதோ ஆயிரத்துக்கும் மேற்பட்ட மீன்கள். அவை அனைத்தும் ஒரே முகிலில் பிறந்தவை. ஏறத்தாழ ஒரே வயதினவை. பத்துக் கோடி ஆண்டுகளைச் சற்றே கடந்தவை என்று மதிப்பிடப்படுகின்றன. மனிதர்க்கு மலைப்பூட்டும் இவ்வயது, விண்மீன்களின் கணக்கில் இளமையே.

இவை எவ்வளவு தொலைவில் உள்ளன? இவ்வினாவுக்கு விடை காணும் வழி எளியது. கட்டைவிரலை முகத்துக்கு நேரே நீட்டி, ஒரு கண்ணை மூடியும் மறு கண்ணை மூடியும் பார்த்தால், விரல் பின்னுள்ள சுவரில் இடம் மாறுவதுபோல் தோன்றும். இதனை இடமாறு தோற்றம் என்பர். புவி ஞாயிற்றைச் சுற்றுவதால், தைத் திங்களில் நின்று பார்க்கும் இடமும் ஆடித் திங்களில் நின்று பார்க்கும் இடமும் முப்பது கோடி கிலோமீட்டர் விலகியுள்ளன. அவையே வானியலாரின் இரு கண்கள். அருகிலுள்ள மீன் மிகுதியாக இடம் மாறும். தொலைவிலுள்ளது குறைவாக மாறும். மாறும் கோணத்தில் பாதியை அளவாகக் கொண்டால் தொலைவு கிடைத்துவிடும்.

வழி எளிது, அளவுதான் அரிது. ஒரு பாகையில் 3600இல் ஒரு பங்கு ஒரு விகலை. கார்த்திகை மீன்களின் கோணமோ அந்த விகலையில் ஆயிரத்தில் ஏழு பங்கை ஒட்டியது. மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு பருமனுள்ள ஒரு தலைமயிரை ஏறத்தாழ மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் நிறுத்தி, அதன் அகலத்தை அளப்பதற்கு ஒப்பானது இது. புவியின் காற்றோ ஓயாது அசைவது. கவிஞர் பாடும் விண்மீன் சிமிட்டல், அளப்பவர்க்குப் பெருந்தொல்லை. காற்றைக் கடந்து மேலே சென்று அளக்க வேண்டும் என்ற எண்ணம் இவ்வாறே பிறந்தது.

ஐரோப்பிய விண்வெளி முகமை 1989ஆம் ஆண்டு ஆகஸ்டு 8ஆம் நாள் ஹிப்பார்க்கோஸ் என்னும் செயற்கைக்கோளை ஏவியது. விண்மீன்களின் இடங்களை அளப்பதற்கென்றே விண்ணுக்கு அனுப்பப்பட்ட முதல் கருவி அது. உந்துபொறி ஒன்று இயங்காமையால் அது குறித்த பாதையை அடையவில்லை. ஆயினும் தவறிய பாதையிலேயே சுழன்று 1993 வரை அளந்தது. 1997இல் வெளிவந்த அதன் அட்டவணையில் ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம் விண்மீன்கள் இடம்பெற்றன. விண்ணளவை வரலாற்றில் அதற்கு முன் அத்தகைய நூல் இல்லை.

அந்த நூலில்தான் கார்த்திகை மீன்கள் சிக்கலாயின. நிலத்திலிருந்து பல வழிகளில் மதிப்பிட்டோர் அவற்றின் தொலைவை 430 ஒளியாண்டு அளவினதாகக் கொண்டிருந்தனர். ஹிப்பார்க்கோஸ் தந்த அளவோ 390 ஒளியாண்டை ஒட்டியிருந்தது. பத்தில் ஒரு பங்கு வேறுபாடு. இதனைத் தமிழ் மாணவர்க்கு விளங்கும் வகையிலும் கூறலாம். 444 ஒளியாண்டுத் தொலைவு என்றால், இன்று காணும் கார்த்திகை ஒளி புறப்பட்ட காலம் தஞ்சையில் செவ்வப்ப நாயக்கரின் ஆட்சி முடிவெய்திய காலத்தை ஒட்டியதாகும். 390 என்றால், அது இரகுநாத நாயக்கரின் இறுதிக் காலமாகிவிடும். ஒரு நூலை இரு தலைமுறை தள்ளி வேறொரு மன்னர் காலத்தில் வைத்தால் என்னென்ன குழப்பம் விளையுமோ, அன்ன குழப்பம் வானியலில் விளைந்தது.

குழப்பம் தொலைவோடு நிற்கவில்லை. மீன்கள் சொன்னதைவிட அருகில் இருக்குமானால், அவை இயல்பாக உமிழும் ஒளியும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததாதல் வேண்டும். அவ்வாறாயின் விண்மீன்கள் எவ்வாறு எரிகின்றன, எவ்வாறு முதிர்கின்றன என்று அறிஞர் அரைநூற்றாண்டு முயன்று கட்டிய கொள்கையில் எங்கோ ஒரு கல் பெயர்ந்துள்ளது என்று பொருள். இளம் விண்மீன் கொத்துகளை ஆராய்வோர்க்குக் கார்த்திகை ஓர் உரைகல். உரைகல்லே ஐயத்துக்குரியதானால் பொன்னை எதில் உரைப்பது?

இந்நிலையில் இரு வழிகள் இருந்தன. விண்ணிலிருந்து வந்த அளவாதலின் அதுவே மெய் என்று ஏற்றுப் பழைய கொள்கையைக் கைவிடுவது ஒன்று. பழைய கொள்கையோடு முரண்படுவதால் புதிய அளவைத் தள்ளிவிடுவது மற்றொன்று. அறிஞர் சிலர் முதல் வழியிலும் சிலர் இரண்டாம் வழியிலும் சாய்ந்தனர். வழக்கைத் தீர்த்தது அவ்விரண்டுமன்று. வேறு ஏடுகளைத் தேடியதே வழக்கைத் தீர்த்தது.

இங்கே தமிழ்ப் பதிப்பு வரலாற்றை நினைத்தல் தகும். 1887இல் சீவக சிந்தாமணி உ. வே. சாமிநாதையரின் பதிப்பாக வெளிவந்தது. அதே ஆண்டில் சி. வை. தாமோதரம்பிள்ளையின் கலித்தொகைப் பதிப்பும் வெளிவந்தது. ஊர் ஊராகச் சென்று ஏடு தேடிய அப்பெருமக்கள் ஓர் ஏட்டில் கண்டதை அப்படியே அச்சிட்டாரல்லர். ஏட்டோடு ஏட்டை வைத்து ஒப்பிட்டனர். பழமையான ஏடு என்பதனாலோ, பெரிய மடத்து ஏடு என்பதனாலோ அதன் பாடமே சரி என்று கொள்ளவில்லை. பதிப்புக் கலையில் மற்றொரு நுட்பமும் உண்டு. பத்து ஏடுகள் ஒரே பாடத்தைக் காட்டினும், அப்பத்தும் ஒரே மூல ஏட்டைப் பார்த்து எழுதப்பட்டவையானால், அவை பத்துச் சான்றுகளாகா, ஒரே சான்றுதான். மூலத்தில் நேர்ந்த பிழை பத்திலும் படிந்திருக்கும். எண்ணிக்கை மிகுவதனால் பிழை மெய்யாகிவிடாது.

ஹிப்பார்க்கோஸ் அளவில் ஐயங்கொண்டோர் சொன்னதும் இதுவே. அக்கோள் கார்த்திகைக் கூட்டத்தில் பல மீன்களை அளந்து அவற்றின் சராசரியைத் தந்தது. பல அளவுகளின் சராசரியில் பிழைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் என்பது பொதுவிதி. ஆனால் வானில் நெருங்கியிருக்கும் மீன்கள் ஒருங்கே அளக்கப்படும்போது, அவற்றின் பிழைகளும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கக் கூடும். அப்போது அவை தனித்தனி ஏடுகளல்ல. ஒரே ஏட்டின் படிகள். கோளின் தரவைத் திரட்டியோர் இவ்விளக்கத்தை ஏற்கவில்லை. தரவு முழுவதையும் மீண்டும் கணித்து, 2009இல் ஏறத்தாழ அதே தொலைவையே மறுபடியும் வெளியிட்டனர். அவர்களது நேர்மையில் எவரும் ஐயங்கொண்டதில்லை. வழக்கு அளவைப் பற்றியது, ஆட்களைப் பற்றியதன்று.

வேறு ஏடுகள் ஒவ்வொன்றாக வந்தன. கார்த்திகை மீன்களுள் அட்லஸ் என்று மேலைநாட்டார் பெயரிட்டது உண்மையில் ஒன்றையொன்று சுற்றும் இரட்டை மீன். அதன் சுழற்சியை நிலத்துக் கருவிகளால் அளந்து, பான், ஷாவ், மகாராட்டிரத்தில் பிறந்த குல்கர்னி ஆகிய மூவர் 2004இல் 434 ஒளியாண்டுக்குக் குறையாத தொலைவைக் கண்டனர். ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியின் வழிகாட்டும் உணரிகளைக் கொண்டு மூன்று மீன்களை அளந்தோர் 2005இல் 439 அளவினைப் பெற்றனர். கண்டங்கள் கடந்து பிணைக்கப்பட்ட வானொலித் தொலைநோக்கிகள் 2014இல் 444 என்றன. முறை வேறு, கருவி வேறு, அளந்தவர் வேறு. ஒரு மூலத்தைப் பார்த்து மற்றொன்று எழுதப்படவில்லை. ஆதலின் இவை உண்மையிலேயே தனித்தனிச் சான்றுகள்.

இறுதியாக வந்தது கையா. 2013ஆம் ஆண்டு டிசம்பர் 19ஆம் நாள் ஏவப்பட்ட இவ்விண்கலம் புவியிலிருந்து பதினைந்து லட்சம் கிலோமீட்டர் தொலைவில் நின்று, ஏறத்தாழ நூறு கோடிப் படப்புள்ளிகள் கொண்ட கண்ணால் வானை அளந்தது. 2018 ஏப்ரல் 25இல் வெளிவந்த அதன் இரண்டாம் தொகுப்பில் 130 கோடிக்கும் மேற்பட்ட விண்மீன்களின் இடமாற்றக் கோணங்கள் இருந்தன. கார்த்திகையின் தொலைவு அதிலும் 444 ஒளியாண்டை ஒட்டியே வந்தது. வழக்கு ஏறக்குறைய முடிந்தது. ஹிப்பார்க்கோஸ் அளவுக்கும் இதற்கும் இருந்த வேறுபாட்டைக் கோணமாகச் சொன்னால், இருபது கிலோமீட்டருக்கு அப்பாலிருக்கும் ஒரு தலைமயிரின் அகலம். மயிரிழை வேறுபாடு என்று பேச்சில் சொல்வதுண்டு. இவ்வழக்கில் அது மெய்யாகவே அவ்வளவுதான்.

வென்ற கையாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தன் அளவுகள் அனைத்திலும் விகலையில் ஒரு லட்சத்தில் மூன்று பங்கு அளவுக்குப் பொதுவான ஒரு சாய்வு உண்டு என்பதை அத்தொகுப்பினர் தாமே கண்டு, தொகுப்போடு சேர்த்தே வெளியிட்டனர். அளக்கவொண்ணாத் தொலைவிலுள்ள குவாசர்களுக்குக் கோணம் இன்மையாக வரவேண்டும். அவ்வாறு வராததைக் கொண்டே தம் பிழையைக் கண்டுகொண்டனர். நல்ல பதிப்பாசிரியர் முன்னுரையில் தம் ஏட்டின் குறையைத் தாமே கூறுவதுபோன்றது இது. ஹிப்பார்க்கோஸ் கற்றுத்தந்த பாடம் வீண்போகவில்லை.

ஒற்றைச் சான்றின் தடுமாற்றத்துக்கு எடுத்துக்காட்டு இவ்வூருக்கு அருகிலேயே உண்டு. வேங்கிக்காலுக்கு வடமேற்கே, நேர்கோட்டில் ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டரில், சவ்வாது மலைமீது காவலூர் வானாய்வகம் இருக்கிறது. 1960களின் பிற்பகுதியில் வைணு பாப்பு அவ்விடத்தைத் தேர்ந்து, 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்றோடு பணியைத் தொடங்கினார். 1972இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977 மார்ச் 10ஆம் நாள், யுரேனசு கோள் ஒரு விண்மீனை மறைத்துக் கடக்கும் நிகழ்ச்சியை அங்கே நோக்கினர். கோள் மீனை மறைக்குமுன்னரே மீனின் ஒளி ஒரு கணம் மங்கியது. புதிய துணைக்கோள் ஒன்று குறுக்கிட்டது என்று காவலூர் அறிஞர் முதலில் கருதினர். அதே இரவில் இந்தியப் பெருங்கடலின்மேல் விமானத்தில் பறந்து நோக்கிய அமெரிக்கக் குழுவினர், கோளின் இருபுறமும் மங்கல்கள் ஒத்த இடங்களில் அமைந்திருக்கக் கண்டனர். இரு பதிவுகளையும் ஒப்பிட்டபோது மறைத்தது துணைக்கோளன்று, வளையம் என்பது உறுதியாயிற்று. காவலூரின் பதிவு பொய்யன்று. அதன் முதற்பொருள்கோள்தான் திருந்தியது. பதிவை மறைக்காமல் பொதுவில் வைத்ததனால் அது யுரேனசின் வளையங்களுக்குச் சான்றாகி நிலைத்தது.

அம்மலையில் வேரூன்றிய கல்வி பின்னாளில் விண்ணுக்கும் சென்றது. 2015 செப்டம்பர் 28இல் சிறீஅரிக்கோட்டையிலிருந்து ஏவப்பட்ட அஸ்ட்ரோசாட், இந்தியாவின் முதல் விண்வெளி வானாய்வகம். அதிலுள்ள புற ஊதாத் தொலைநோக்கியை உருவாக்கும் பணிக்குத் தலைமை தாங்கியது, காவலூரை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனமே. அதன் இரட்டைக் குழல்கள் ஒவ்வொன்றும் 37.5 சென்டிமீட்டர் விட்டமுடையவை. காவலூரில் தொடங்கிய கண்ணும் விண்ணுக்குச் சென்ற கண்ணும் ஏறக்குறைய ஒரே அளவின. வேறுபாடு நின்ற இடத்தில். புற ஊதா ஒளியின் பெரும்பகுதியைக் காற்று மண்டலம் தடுத்துவிடும். 650 கிலோமீட்டர் உயரத்தில் அத்தடை இல்லை.

அக்கருவி தொடக்க நாள்களில் நோக்கியவற்றுள் ஒன்று என்.ஜி.சி. 188 என்னும் முதிய விண்மீன் கொத்து. கார்த்திகை இளையது, இதுவோ எழுநூறு கோடி ஆண்டு மூத்தது. உடன்பிறந்தார் அனைவரும் மூத்துச் சிவந்த அக்குடும்பத்தில் சில மீன்கள் மட்டும் நீலமாய், இளமை மாறாதவைபோல் ஒளிர்கின்றன. அன்னபூரணி சுப்பிரமணியம் அவர்களும் உடனாய்வாளரும் 2016இல் அத்தகைய ஒரு மீனை ஆராய்ந்து, அதனருகே கடுஞ்சூடான ஒரு துணைமீன் மறைந்திருப்பதைக் கண்டனர். துணைமீன் தன் பொருளை ஈந்து முதிர்ந்துபோக, பெற்ற மீன் இளமையுற்று நிற்கிறது என்பது விளக்கம். இம்முடிவுக்கும் அஸ்ட்ரோசாட் பதிவு மட்டும் போதவில்லை. முன்னைய விண்கலங்களும் நிலத்துத் தொலைநோக்கிகளும் வேறு நோக்கங்களுக்காக விட்டுச்சென்ற பதிவுகளைச் சேர்த்து வைத்த பிறகே மறைந்திருந்த துணை புலப்பட்டது.

இவையெல்லாம் எவ்வாறு இயலுகின்றன? பதிவுகள் பூட்டி வைக்கப்படாமையால் இயலுகின்றன. கையாவின் தொகுப்புகள் வெளியாகும் நாளிலேயே உலகத்தார் அனைவர்க்கும் ஒருசேரத் திறக்கப்பட்டன. அளந்தவர்க்கென்று முன்னுரிமைக் காலம் இல்லை. அஸ்ட்ரோசாட் நோக்கியவை, நோக்கக் கேட்டவர்க்கு உரிய காலம் கழிந்தபின் பொதுவாகின்றன. அதன் பெட்டகம் 2018 செப்டம்பரில் திறந்து வைக்கப்பட்டது. கையா 2025 மார்ச்சு 27இல் அணைக்கப்பட்டது. அதன் கண் மூடிய பின்னும் அது எழுதிய ஏடு படிக்கப்படுகிறது. வீட்டுப் பரணில் பிறர்க்குக் காட்டாமல் காத்த சுவடிகள் கறையானுக்கு இரையானதையும், படியெடுக்கக் கொடுத்த சுவடிகள் பிழைத்ததையும் தமிழுலகம் அறியும். ஹிப்பார்க்கோசின் அளவுகள் மறைக்கப்பட்டிருந்தால் அதன் பிழையும் மறைந்தே இருந்திருக்கும். அதனைத் திருத்தவும் எவராலும் இயன்றிராது.

கவிஞர் பெருமக்களே, இவ்வரலாறு இலக்கிய வட்டம் ஒன்றின் மேடையில் சொல்லப்படுவதற்கு ஒரு காரணம் உண்டு. இருவகைப் பேச்சுகள் மேடைகளில் மலிந்து வருகின்றன. விண்கலம் சொன்னது, ஆதலின் மெய் என்பது ஒன்று. எல்லாம் முன்னோர் அறிந்தவையே, புதிதாக அறிய ஒன்றுமில்லை என்பது மற்றொன்று. முதலது கருவியை வணங்குகிறது. இரண்டாவது முன்னோரை வணங்குவதாகச் சொல்லிக்கொள்கிறது. இரண்டுக்கும் குணம் ஒன்றே: ஒப்புநோக்க மறுப்பது. அறுமீன் என்று எண்ணியவர் தம் கண்ணுக்குத் தெரிந்ததை எண்ணினார். தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லவில்லை. ஒளியாண்டுக் கணக்கை அவர்தம் வாயில் ஏற்றிச் சொல்வது அவர்க்குப் பெருமையாகாது. அவர் எழுதாத பாடலை அவர் பெயரில் ஏற்றுவது எத்துணைக் குற்றமோ, அவர் அறியாத செய்தியை அவர் பெயரில் ஏற்றுவதும் அத்துணைக் குற்றமே. ஏட்டில் இடைச்செருகலைக் கண்டு களையும் புலமை, மேடையில் இடைச்செருகலுக்கு இடந்தரலாகாது.

கவிதைக்குக் கற்பனை உரியது. நிலவை முகமென்றும் மீனை முத்தென்றும் பாடும் உரிமையை எந்த அளவுகோலும் பறிப்பதில்லை. எனினும், செவ்வப்பர் காலத்தில் புறப்பட்ட ஒளி இன்றிரவு வேங்கிக்கால் மாடியில் வந்து இறங்குகிறது என்ற செய்தியில் கவிதைக்கு இடமில்லையா? தன் பொருளை ஈந்து தான் மறைந்து, துணையை இளமையாக்கிய மீனில் இல்லையா? அளந்தறிந்த செய்தி கற்பனைக்குப் பகையன்று. அது கற்பனைக்குப் புதிய நிலம்.

பத்தாண்டு நிறைவெய்திய இவ்வட்டத்துக்கு ஒரு வேண்டுகோள். தீபத் திருநாள் கழிந்து ஐந்தாறு நாள் சென்றபின், நிலவு எழுதற்கு முன்னுள்ள இருண்ட முன்னிரவில், உறுப்பினர் அனைவரும் ஒரு மாடியில் கூடுதல் வேண்டும். மலையை முதுகுக்குப் பின் விட்டுக் கிழக்கே அண்ணாந்தால், விழா நாளில் மறைந்திருந்த மீன்கள் அங்கே தெரியும். ஒவ்வொருவரும் தம் கண்ணுக்கு எத்தனை மீன் தெரிகின்றன என்று எண்ணிக் குறித்துக்கொள்க. ஒருவர் ஐந்து என்பார், ஒருவர் ஆறு என்பார், கூரிய கண்ணுடைய இளையவர் ஏழு என்றும் சொல்லக் கூடும். குறிப்புகளை ஒப்பிட்டுப் பார்த்த பின் கவியரங்கைத் தொடங்குக. வேறுபட்ட எண்களையும் அழிக்காமல் வட்டத்தின் ஏட்டில் எழுதி வைப்பது நன்று. அடுத்த பத்தாண்டு மலரைத் தொகுப்போர்க்கு அவை பயன்படும்.